தோட்டத்து லயம், குதிரை லாயத்திலிருந்து வந்ததா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் நாம் குடியிருக்கும் லயத்துக்கு (ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய தொழிலாளர் வீடுகளுக்கு) அந்தப் பெயர் குதிரை லாயத்திலிருந்து வந்தது என்று ஊரில் பலரும் சொல்கிறார்கள், பாடசாலையில் ஆங்கில லைன் என்ற சொல்தான் மூலம் என்கிறார்கள், லைன் என்றால் கோடுதானே, கோட்டுக்கும் வீட்டுக்கும் என்ன தொடர்பு? கடைசியில், கட்டுரையில் லயம் என்று எழுதுவதா, லயன் என்று எழுதுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூலம் ஆங்கில லைன்தான். அதில் ஐயம் வேண்டியதில்லை. ஆனால் உங்கள் தடுமாற்றம் நியாயமானது. லைன் என்றால் கோடு என்று மட்டும் நமக்குக் கற்றுக்கொடுத்ததால் வந்த தடுமாற்றம் அது. அந்தச் சொல்லுக்குக் கோடு என்பது பிற்காலப் பொருள். முதற்பொருள் கயிறு.

லத்தீனில் லீனும் என்றால் ஆளிச் செடி. நீலப் பூ பூக்கும் அந்தச் செடியின் தண்டை நீரில் ஊறவைத்து, மரப்பகுதியை நீக்கி, நாரை எடுத்து நூற்பார்கள். அந்த நூல் லீனியா. பழைய ஆங்கிலத்தில் கயிறு என்ற பொருளோடு லைன் புகுந்தது இங்கிருந்துதான். பிறகு பிரெஞ்சு வழியாக அதே லத்தீன் சொல் இன்னொரு முறை வந்து சேர, இரண்டும் ஒன்றாகிவிட்டன. லினன் துணி, லின்சீட் எண்ணெய் (கிரிக்கெட் மட்டைக்குப் பூசுகிறார்களே, ஆளி விதை எண்ணெய், அதேதான்), தரையில் விரிக்கும் லினோலியம், சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் லைனிங் எல்லாம் ஒரே செடியின் பிள்ளைகள். மேற்சட்டையின் உட்புறத்தில் லினன் துணி வைத்துத் தைத்ததால் அந்த வேலைக்கு லைனிங் என்று பெயர். கோடு போடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. துணி காயப்போடும் கொடியும் தூண்டில் நரம்பும் ஆங்கிலத்தில் இன்றும் லைன்தான். பழைய பொருள் அங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது.

கயிறு எப்படிக் கோடானது என்று புரிந்துகொள்ள வேறு மொழிக்குப் போக வேண்டாம். தமிழில் நூல் என்ற சொல்லைப் பாருங்கள். பஞ்சில் திரித்தது நூல். மேசன் சுவருக்குக் கட்டுவதும் நூல். நேராக இருப்பதை நூல் பிடித்தாற்போல் இருக்கிறது என்கிறோம். தச்சரிடம் போனால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கும் நூல். எழுதிய புத்தகமும் நூல். மரத்தின் கோணலைத் தச்சன் நூலால் தீர்ப்பதுபோல் மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்று நன்னூல் பாயிரமே இந்த வழியை விளக்குகிறது. இழுத்துப் பிடித்த இழை நேராக நிற்கும். நேராக நிற்பது அளவாகும். அளவாக எழுதியது வரியாகும். ஆங்கில லைனும் இதே படிகளில்தான் ஏறியிருக்கிறது. எனவே எழுத்து வரி, செய்யுள் அடி, எல்லைக் கோடு, தண்டவாளப் பாதை, தொலைபேசித் தொடர்பு, ஒரு குடும்பத்தின் வம்ச வழி என்று அந்தச் சொல் விரிந்திருப்பதில் குழப்பமே இல்லை. எல்லாவற்றிலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்த கயிறு இருக்கிறது.

இந்தக் கயிற்றை மலையில் கண்ணால் பார்க்கலாம். தேயிலை புதிதாக நடும்போது நிலத்தைத் துப்புரவாக்கியதும் செய்யும் வேலைக்குத் தோட்ட ஆங்கிலத்தில் லைனிங் என்றே பெயர். சரிவின் ஒரே மட்டத்தைத் தொடர்ந்து நீளமான கயிற்றை இழுத்துப் பிடித்து, இரண்டடிக்கு ஒரு குச்சி அடிப்பார்கள். அடுத்த கயிறு நாலடி தள்ளி. குச்சி இருக்கும் இடத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி. நாலுக்கு இரண்டு என்றால் கணக்குப்படி ஓர் ஏக்கருக்கு 5,445 கன்று வர வேண்டும். வரவில்லையென்றால் பெரும்பாலும் கயிற்றில்தான் பிழை இருக்கும். நார்க் கயிறு நனைந்தால் அதன் நீளம் மாறும், காலையில் மழையில் பிடித்த அளவும் மத்தியான வெயிலில் பிடித்த அளவும் ஒத்துப்போகாது. நடுவில் தொய்ந்த கயிறு நிரையை வளைத்துவிடும். மட்டத்தை விட்டுச் சரிவுக்கு நேராகக் கயிறு பிடித்தால் மழைநீர் அந்த வழியே இறங்கி மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். பேராசிரியர்கள் அகராதியில் தேடும் முதற்பொருள், குச்சியும் கயிறுமாக நம் மலையில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அப்படிக் கயிறு பிடித்து நட்ட செடி வரிசைக்கு நம் மக்கள் வைத்த பெயர் நிரை, பேச்சில் நெரை. கொழுந்தெடுக்கப் போகிறவருக்கு இந்த நெரை உன்னுடையது என்று பிரித்துக் கொடுப்பார்கள். சங்கப் பாடல்களிலும் வரிசையைக் குறிக்கும் சொல் இது. ஆக, செடியின் வரிசைக்குத் தமிழ்ச் சொல் நிலைத்தது. ஆட்கள் குடியிருக்கும் வரிசைக்கு ஆங்கிலச் சொல் நிலைத்தது. காரணம் எளிது. செடியோடு நின்றவர்கள் பெயர் வைத்தது நெரை. கட்டடத்தைக் கட்டியவர்கள் பெயர் வைத்தது லைன்.

இனி உங்கள் முதன்மையான ஐயம்: வரிசைக்கும் வீட்டுக்கும் என்ன தொடர்பு? பிரித்தானிய இந்தியப் படையில் சிப்பாய்களின் கூடாரங்களும் குடில்களும் வரிசை வரிசையாக இருந்ததால் அந்தக் குடியிருப்பை லைன்ஸ் என்று பன்மையில் அழைத்தார்கள். சிங்கப்பூரில் சிப்பாய் லைன்ஸ் என்ற இடப்பெயர் இதிலிருந்து வந்தது. வெள்ளை அதிகாரிகளும் சிவில் உத்தியோகத்தரும் இருந்த பகுதி சிவில் லைன்ஸ். டில்லியிலும் கான்பூரிலும் நாக்பூரிலும் அந்தப் பெயர் இன்றும் உண்டு. காப்பிக் காலத்திலேயே கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பைத் துரைமார் கூலி லைன்ஸ் என்று எழுதினார்கள். ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போடுவதற்கு முன்பே சொல்லும் கட்டடமும் வந்துவிட்டன. 1869இல் தொடங்கிய இலை நோய் காப்பியை அழித்தது, லயத்தை அழிக்கவில்லை. அதே லயத்தில் அதே சனம் தேயிலைக்கு மாறியது.

படை வழக்கிலிருந்துதான் இந்தப் பொருள் தோட்டத்துக்கு வந்தது என்பதை நான் மிக வலுவான ஊகமாகவே சொல்வேன், முடிந்த முடிவாகச் சொல்லமாட்டேன். ஊகத்துக்கு மூன்று ஆதாரங்கள். ஒன்று, தொடக்கக் காலக் காப்பித் தோட்டங்களில் படையோடு தொடர்புள்ளவர்கள் நிறைய இருந்தார்கள். கன்னொறுவையில் காப்பி பயிரிட்ட ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் வாட்டர்லூ போரில் நின்ற படைத்தளபதி. மலையகத்து வீதிகளைப் போட்ட தோமஸ் ஸ்கின்னர் படை மேஜர். இரண்டாவது, லைன் தனியாக வரவில்லை. காலையில் ஆள் எடுக்கும் இடத்தை நாம் பெரட்டுக்களம் என்கிறோம். பெரட்டு என்பது படை அணிவகுப்பைக் குறிக்கும் பரேட். வேலைக்கு அழைப்பது அணிவகுப்பு, திரும்பிப் போவது சிப்பாய்க் குடில் வரிசை. இரண்டும் ஒரே மூட்டையில் வந்த சொற்கள் போலத்தான் தெரிகிறது. மூன்றாவது ஆதாரம்தான் எனக்கு எடை கூடியதாகப் படுகிறது. நம் மலையில் துரைமாரில் பெரும் பகுதியினர் ஸ்கொத்லாந்துக்காரர்கள். தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்களே சாட்சி. அவர்கள் ஊரில் சுரங்கத் தொழிலாளிக்கும் இதே மாதிரி, ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவராக ஒட்டிய வீட்டு வரிசைகள் இருந்தன. அதை அவர்கள் லைன் என்று சொல்லவில்லை, ரோ என்றார்கள். சொந்த ஊர் வழக்கைக் கொண்டுவந்திருந்தால் நமக்கு ரோ வந்திருக்க வேண்டும். லைன்ஸ் வந்தது என்றால், இந்தியப் படை முகாம் வழியாக வந்தது என்று எண்ணுவதே பொருந்தும்.

அடுத்து, லைன் எப்படி லயமாகியது? இதை ஒலி, இலக்கணம் இரண்டாலும் சோதிக்கலாம். ஆங்கில உச்சரிப்பில் யகர ஒலிக்குப் பின் னகரம் நேரே ஒட்டுகிறது. லய்ன் என்று தமிழ் நாக்கு முடிக்காது. இடையில் ஓர் அகரம் போட்டு லயன் என்று சொல்லும். டைம் பேச்சில் டயம் ஆனதும் இப்படித்தான். இப்போது லயன் என்ற வடிவத்துக்கு ஒரு சங்கடம். அன் என்று முடிவது முருகன், கந்தன் போல ஆளைக் குறிக்கும். உயிரில்லாப் பொருளுக்கு அம் என்ற முடிவே தமிழில் இயல்பு. தவிர, அஃறிணைப் பெயரில் இறுதி மகரமும் னகரமும் ஒன்றுக்கொன்று மாறி வருவது பழைய வழக்கம்: அறம் அறன், நிலம் நிலன், நலம் நலன். கடைப்போலி என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தத் தடத்திலேயே லயன் லயமாகியது. லயமானதும் அது முழுத் தமிழ்ச் சொல்லாக நடக்கத் தொடங்கிவிட்டது: மரத்தில், மரத்துக்கு என்பது போல லயத்தில், லயத்துக்கு, லயத்துச் சனம். டயத்துக்கு வா என்கிறோமே, அதே அத்துச் சாரியைதான். டவுன் என்ற சொல்லுக்கு இது நடக்கவில்லை, ஏனென்றால் அது அன் என்று முடியவில்லை.

லாயத்தை மூலமாகக் கொண்டால் இந்த இடத்தில்தான் இடிக்கிறது. தமிழில் சொல்லின் முதல் எழுத்தில் குறில் நெடில் பொருளையே மாற்றும்: கல் வேறு, கால் வேறு, படம் வேறு, பாடம் வேறு. பேச்சு வேகத்தில் சொல்லின் நடுவும் கடைசியும் தேயும், முதல் நெடில் இலகுவில் குறுகாது. லாயம் லயமாகக் குறுகியது என்பதற்கு அதே போல் குறுகிய வேறு சொற்களைக் காட்ட வேண்டும், காட்ட முடிவதில்லை. லயத்து அறையை லயன் காம்பரா என்று சொல்லும்போது னகரம் வெளிப்படையாகத் தலைகாட்டுகிறது. அது லாயத்தில் எங்கிருந்து வரும்? பக்கத்து மொழிகளும் கை கொடுக்கின்றன. சிங்களத்தில் லயின் காமர என்கிறார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் தமிழே இல்லை, அங்கும் லேபர் லைன் என்றுதான் பெயர். மூணாறு தேயிலைத் தோட்டக் குடியிருப்பை மலையாளத்தில் லயம் என்று குறிலாகவும், குதிரை கட்டும் இடத்தை லாயம் என்று நெடிலாகவும் எழுதுகிறார்கள். ஒரே மொழிக்குள் இரண்டும் தனித்தனிச் சொற்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆலயம் சிதைந்து லயமானது என்றும், இசையில் வரும் லயமும் இதுவும் ஒன்று என்றும் சிலர் எழுதுகிறார்கள். இசை லயம் வடமொழியில் ஒன்றிப்போதல், கரைதல் என்ற வேரிலிருந்து வருவது. லயித்துக் கேட்டேன் என்பதில் உள்ளது அது. எழுத்து ஒத்துப்போவது தற்செயல்.

ஆனால் லாயக் கதையை வெறும் அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதற்குள் அடுப்பு, படுக்கை, பிள்ளைகளின் புத்தகம், விறகு. இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசை. பின்சுவரில் ஜன்னல் வைக்க வழியே கிடையாது, புகை முன்வாசலால்தான் போக வேண்டும். ஒரே தகரக் கூரை என்பதால் முதல் காம்பராவில் இருமினால் நாலாவது காம்பராவில் கேட்கும். மின் ஒழுக்கில் கடைசிக் காம்பராவில் தீப்பிடித்தால் கூரையின் அடியால் முழு லயத்துக்கும் பரவும். இந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு, லாயம் என்ற சொல் காதில் விழுந்ததும் இதுதான் நம் பெயர் என்று பட்டிருக்கிறது. அந்த உணர்வு வாழ்க்கையைப் பற்றிய உண்மை. சொல்லின் பிறப்பைப் பற்றிய சான்றாக மட்டும் அதை வைக்க முடியாது. கட்டுரையில் இரண்டையும் எழுதுங்கள்: சொல் ஆங்கில லைன், மக்கள் அதை லாயமாக உணர்ந்தார்கள். ஒன்றை ஏற்பதற்காக மற்றதை மறுக்க வேண்டியதில்லை.

லயத்தின் மற்ற உறுப்புகளையும் ஒரு தடவை பாருங்கள். காம்பரா போர்த்துக்கேயச் சொல். அங்கே காமரா, லத்தீனில் காமெரா, படம் பிடிக்கும் கமராவும் அதன் உறவு. ஜன்னலும் சாவியும் அலமாரியும்கூடப் போர்த்துக்கேயம். வாசலுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்பு ஒல்லாந்தரின் ஸ்தூப். ஆகவே லயத்துக் காம்பரா இஸ்தோப்பில் குந்தியிருக்கிறான் என்று ஆச்சி சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் இந்த நாட்டை ஆண்ட மூன்று ஐரோப்பியரும் இருக்கிறார்கள். நாம் அதை முழுக்க முழுக்க நம் பேச்சாக்கிக்கொண்டோம்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அதே ஆங்கிலச் சொல் நம்மிடம் இரண்டு தடவை வந்திருக்கிறது. காதால் கேட்டு முதலில் எடுத்தது லயன், லயம். பிறகு தந்தி, தொலைபேசி, ரயில், பாடப்புத்தகம் வழியாக வந்தது லைன். ஃபோனில் லைன் கிடைக்கவில்லை என்போம், லயம் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. 1867இல் கண்டியைத் தொட்டு 1924இல் பதுளையில் முடிந்த தண்டவாளம் நமக்கு ரயில் லைன். அதற்கு மேலே மேட்டில் தெரிவது லயம். முதல் கடன் தமிழாகக் கரைந்துவிட்டது, இரண்டாவது இன்னும் ஆங்கிலமாகவே காதில் விழுகிறது. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்.

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் லைன் என்று வந்தால் கோடு என்று உடனே எழுதிவிடாமல், அங்கே கயிறு எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். கவிதையில் அது அடி. உரைநடையில் வரி. ஆட்கள் நின்றால் வரிசை. ஆனால் ஆட்களின் வரிசையை லைன் என்பது பெரும்பாலும் அமெரிக்க வழக்கு, நம் பாடநூலின் பிரித்தானிய வழக்கில் அது கியூ. மேசனுக்கு நூல். வம்சத்தில் வழி. எனக்கொரு லைன் போடு என்றால் நாலு வரி கடிதம் எழுது என்று பொருள். வரிகளுக்கு இடையில் படிப்பது என்றால் சொல்லாமல் விட்டதை உணர்ந்துகொள்வது. டெட்லைன் என்பதைக் காலக்கெடு என்றே எழுதுங்கள். ஆனால் அதன் பிறப்பு கொடியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், அண்டர்சன்வில் சிறைமுகாமில் கைதிகள் தாண்டினால் சுடப்படுவார்கள் என்று வகுத்த எல்லைக்கு அந்தப் பெயர். பத்திரிகை அலுவலகங்கள் பிறகுதான் அதை நேரத்துக்கு எடுத்துக்கொண்டன.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தனியாக நிற்கும்போது லயம் என்று எழுதுங்கள். வேற்றுமை உருபோ பன்மை விகுதியோ சேரும்போது லயத்தில், லயத்திலிருந்து, லயங்கள். காம்பரா, அறை, குடியிருப்பு போன்ற சொல் பின்னால் வந்தால் லயன் காம்பரா என்றோ லயத்துக் காம்பரா என்றோ எழுதலாம், இரண்டும் வழக்கில் உள்ளவை. சொல் முதலில் லகரம் வராது என்ற விதியைக் காட்டி யாராவது இலயம் என்று திருத்தினால் ஏற்க வேண்டாம். அப்படி எழுதினால் படிப்பவர் இசையை நினைப்பார், நம் வீடு அங்கே இருக்காது. வரிசை வீடு என்று புதிதாக மொழிபெயர்ப்பதும் வேண்டாம். புதிதாகக் கட்டும் தனி வீடுகளைக் குறிக்கும் இடத்தில் மட்டும் லயம் என்ற சொல்லைப் போட்டுவிடாதீர்கள். அவை ஒரே கூரையின் கீழ் வரும் வரிசையில் இல்லை.